துருப்பிடித்த இம்பல்ஸ் சைலன்சரும் அல்சூர்ப் பட்டறையும்

2011-இல் வெளிவந்த ஹீரோ இம்பல்ஸ் வண்டி பெங்களூரில் இப்போது அரிதாகவே கண்ணில் படுகிறது. என்னுடையது இரண்டு மழைக்காலங்கள் மாடிப்படிக்குக் கீழே சும்மா நின்றதில், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப் முழுவதும் துருவேறி, விரலால் தேய்த்தாலே செம்பொடி உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. ஜே.சி. ரோட்டில் விசாரித்த இரண்டு கடைகளிலும் வேறொரு வண்டியின் சைலன்சரை வெட்டி ஒட்டித் தருவதாகவே சொன்னார்கள், மனம் ஒப்பவில்லை. கடைசியில் அல்சூர் ஏரிக்கு அருகே, தமிழர் ஒருவர் நடத்தும் சிறிய பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அவர் விலை சொல்வதற்கு முன், ஸ்க்ரூடிரைவரின் பிடியால் குழாயை முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே வந்தார். கால் சுடாமலிருக்கக் குழாயின் மேல் பொருத்தியிருக்கும் ஹீட் ஷீல்டுக்கு அடியில் ஓசை மந்தமான இடத்தில் முனையை வைத்து அழுத்தியதும் பொத்தென்று ஓட்டை விழுந்தது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டும் வண்டியில் முழுதாகக் காய்ந்து வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுவதால், இப்படி உட்புறமிருந்து அரிக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் போடலாமா என்று கேட்டதற்கு, எஞ்சினை ஒட்டிய குழாயின் சூட்டுக்குச் சாதாரண பவுடர் நிற்காது என்று மறுத்துவிட்டார். கூடுதல் பணம் வரும் வேலையை வேண்டாமென்று சொல்பவர் மீது எனக்கு நம்பிக்கை வந்ததில் வியப்பில்லை.

ஓட்டையைச் சுற்றி நல்ல தகடு தெரியும்வரை வெட்டி, தகட்டுத் துண்டு வைத்து வெல்டிங் செய்தார். மீதித் துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, குழிகளில் தங்கியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் தடவினார். பழுப்பு நிறம் கண்ணெதிரே கருத்தது. பின்னர் கழுவிக் காயவைத்து, தின்னரால் துடைத்தபின் வெறுங்கை படாமல், 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்த கறுப்புப் பெயிண்டை மூன்று மெல்லிய பூச்சாக அடித்தார். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, முழுதாக ஆறவைத்து, மறுபடி சற்று அதிக நேரம் ஓடவிட்டுத்தான் பூச்சை இறுக வைக்க வேண்டுமாம். முதல் முறை எழுந்த புகையைப் பார்த்துப் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

குறையும் உண்டு. மூன்று நாள் என்றவர் எட்டு நாள் எடுத்துக்கொண்டார். அதைவிட, குழாய் எஞ்சினோடு சேரும் சிலிண்டர் முகப்பில், கசிவை அடைக்கும் வளையமான கேஸ்கெட்டில் பழையதையே மாட்டிவிட்டதால், வீட்டுக்கு வரும் வழியிலேயே ‘டப் டப்’ என்று காற்றுக் கசிந்தது. இத்தனை நுணுக்கமாக உழைத்தவர் இந்தச் சின்ன வளையத்தில் கோட்டை விட்டது எரிச்சலாகத்தான் இருந்தது. மறுநாள் போனபோது தர்க்கம் செய்யாமல் புதியதை மாற்றித் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மொத்தம் 2,600 ரூபாய். பளபளக்கும் குரோம் வேண்டுவோர் இங்கே போக வேண்டாம். போகிறவர்கள் புதுக் கேஸ்கெட்டை முன்கூட்டியே வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.