புது மீன் விட்ட தொட்டிக்கு வாளித் தண்ணீரா, பாட்டில் பாக்டீரியாவா?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் புதிதாக நாலைந்து ஏஞ்சல் மீன் விட்டால் அடுத்த ஒன்றிரண்டு வாரம் அமோனியா ஏறத்தான் செய்யும். பில்டரில் இருக்கும் பாக்டீரியா பழைய மீன்களின் கழிவுக்குத் தக்க அளவில்தான் பெருகியிருக்கும், கூடுதல் கழிவுக்கு ஏற்ப அது பெருக நாளாகும். அதுவரை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் தகராறு. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்று என்பார்கள் சிலர், பாக்டீரியா பாட்டில் வாங்கி ஊற்று என்பார்கள் சிலர், அமோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் திரவம் போதும் என்பவர்களும் உண்டு. நான் வாளி கட்சி.

கண்டிஷனர் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். ஆனால் அமோனியா தொட்டியிலேயேதான் இருக்கிறது; நம்மிடம் இருக்கும் சாதாரண டெஸ்ட் கிட் கட்டிப்போட்டதையும் சேர்த்தே காட்டுவதால் நிலைமை தேறுகிறதா மோசமாகிறதா என்று பிடிபடாது. ஊருக்குப் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டில் விஷயம் கொஞ்சம் சிக்கல். அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாவுக்குச் சூடு ஆகாது. வெயில் அடிக்கிற கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பாட்டிலில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பது வாங்குகிறவர் அதிர்ஷ்டம். சில பாட்டில்களில் இருப்பது பாசில்லஸ் வகை, அது மிஞ்சிய தீனியையும் சேற்றையும் தின்னும், இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது. நான் ஊற்றிப் பார்த்தது ஒரே வகைதான், பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதை வைத்து எல்லாப் பாட்டிலும் வீண் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, வாளிக்கு வருவோம். இரண்டடிக்கு ஓரடி தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும், அதில் ஒரு வாளி எடுத்தால் கால் பங்கு. அமோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இருந்தால் 0.75 ஆகும், அவ்வளவுதான் இறங்கும், அதனால்தான் தினமும் செய்ய வேண்டியிருக்கிறது. சோம்பல் பட்டு வாரம் ஒருமுறை முக்கால் தொட்டியைக் காலி பண்ணுவது ஆபத்து, காரணம் பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; நிறையப் புதுத் தண்ணீர் ஒரேயடியாகச் சேர்ந்தால் அது சட்டென்று மாறிவிடும். 28 டிகிரி தண்ணீரில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே தண்ணீர் 8க்கு ஏறினால் ஆறேழு சதவீதம். கிட் காட்டும் எண் மாறாது, மீன் மட்டும் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை யோசிக்காமல் முடியாது. தக்கலை, திருவட்டார், குலசேகரம் பக்கம் செம்மண் கிணறுகளில் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, பிஎச்சும் குறைவு. குளச்சல், முட்டம் என்று கடலோரம் போனால் சில கிணறுகள் உப்பு தட்டும், சிலது கடினம். மேட்டுப்பக்கம் கிணற்றுத் தண்ணீரை இறைத்த கையோடு வாளியில் பிஎச் சொட்டு விட்டுப் பார்த்தால் மஞ்சளாக நிற்கும், அதே வாளியில் ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் பச்சைக்கு வந்திருக்கும், அதாவது பிஎச் ஏறியிருக்கும். கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் விஷயம். ஆகவே கிணற்றுத் தண்ணீரானாலும் ஒரு ராத்திரி காற்று ஏற்றிவிட்டே ஊற்றுவேன். நாகர்கோவில் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகவும் அது தேவை, அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு.

மென்தண்ணீர்க்காரர்களுக்கு இன்னொன்று. பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை தேயும். பிஎச் 6க்குக் கீழே போனால் அதன் வேலை மந்தமாகிவிடும், பிறகு எந்தப் பாட்டிலை ஊற்றினாலும் பயனில்லை. புதுத் தண்ணீர் அந்த இழப்பைக் கொஞ்சமாவது ஈடுகட்டும், கூடவே கழுவிய சிப்பி ஓடு ஒரு கைப்பிடி பில்டருக்குள் போட்டால் இன்னும் நல்லது. கடலோரத் தண்ணீருக்கு அது வேண்டாம்.

சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து ராத்திரி வண்டியில் வந்த மீன் என்றால் கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு போய் பிஎச் ஏறும், உள்ளே சேர்ந்திருக்கும் அமோனியா விஷமாகும். அதனால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவதைவிட, சூடு ஒத்துப்போனதும் வலையில் எடுத்து விட்டுவிடுவது மேல்.

இந்த நாட்களில் தீனி பாதி போதும். பாக்டீரியா குடியிருக்கும் பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது. அமோனியா, நைட்ரைட் இரண்டும் தண்ணீர் மாற்றாமலேயே இரண்டு மூன்று நாள் பூஜ்ஜியத்தில் நின்றால் பழையபடி வாரம் ஒரு வாளிக்குத் திரும்பலாம்.

தினமும் வாளி தூக்க முடியாது, ராத்திரிதான் வீடு வருவேன் என்பவர்கள் பாட்டிலுக்குக் காசு கொடுக்கும் முன், தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அங்கே ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து உங்கள் பில்டருக்குப் பக்கத்தில் ஓடவிட்டால் போதும்.