ஆபா எண்ணா, நிறுவனச் செயலியா: மாயவரத்துச் சிறு மருத்துவமனை ஒன்றின் தேர்வு

எங்கள் மருத்துவமனை மயிலாடுதுறையில் இருக்கிறது. பதிவேட்டுப் பிரிவு என் பொறுப்பு. பழைய மென்பொருளை எழுதிக் கொடுத்தவரே இனிமேல் தன்னால் பார்க்க முடியாது என்று கைவிரித்துவிட்டதால் புதிதாக ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று. மூன்று வழிகள் தெரிந்தன. முதலாவது, ஒரு தனியார் நிறுவனத்தின் மூடிய செயலி. இரண்டாவது, ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோடு, அதாவது அது நோயாளிக்குத் தரும் ஆபா என்ற சுகாதார அடையாள எண்ணோடு, இணையும் மென்பொருள். மூன்றாவது, பக்கத்து ஊர் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் கூடி நாமே ஒரு பொது நோயாளிப் பட்டியல் வைத்துக்கொள்வது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு எதற்கு என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்த மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகிறது. ஸ்கேன் கும்பகோணத்தில், அறுவை சிகிச்சை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில், இதயம் என்றால் புதுச்சேரி ஜிப்மர். தரங்கம்பாடிக்காரருக்கு எல்லாவற்றையும்விடக் காரைக்கால் பக்கம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பதிவேடு இருக்கிறது. ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது. இவற்றை இன்றுவரை இணைத்து வைத்திருப்பது நோயாளி கையில் இருக்கும் மஞ்சள் பைதான். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கம் கூரையோடு அந்தப் பைகளும் போயின.

ரசீது அச்சிடுவது, குறுஞ்செய்தி அனுப்புவது, மருந்து இருப்பைக் காட்டுவது எல்லாம் எந்த மென்பொருளும் செய்கிற வேலை. விலையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடிவு இவற்றில் இல்லை.

நிறுவனச் செயலியின் நல்ல குணங்களைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். திரை அழகாக இருக்கும். ரத்தப் பரிசோதனைக் கருவியிலிருந்து முடிவு நேராக நோயாளியின் பக்கத்துக்கு வந்துவிடும். தொலைபேசியில் கூப்பிட்டால் மறுநாள் ஆள் வருவார். அதே நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருக்கும் கும்பகோணத்து ஆய்வகத்தின் அறிக்கையை ஒரு சொடுக்கில் பார்க்கலாம். ஆனால் அந்த உறவு வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான். அரசு மருத்துவமனை அதற்குள் வரப்போவதில்லை. அரசு மருத்துவமனையை விட்டுவிட்டால் டெல்டா நோயாளியின் கதையில் பாதி இல்லாமல் போய்விடும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். எங்களைத் திருப்பியது வேறொன்று: பதிவேட்டில் இருக்கும் செல்வியும் எதிரே நிற்கும் செல்வியும் ஒருவர்தானா என்ற கேள்வி. இரண்டு பதிவேடுகளை இணைப்பதில் கணினியோடு கணினியைச் சேர்ப்பது சுலபம். ஆளை ஆளோடு சேர்ப்பதுதான் கடினம், அதுவும் நம் ஊரில்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. கல்யாணத்துக்கு முன் எஸ். செல்வி, பின் எம். செல்வி, சில அட்டைகளில் கணவர் பெயர் முழுதாகவே பின்னால் ஒட்டியிருக்கும். வெளிநாட்டு அமைப்பைப் பார்த்து எழுதிய மென்பொருள்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. பதிவு மேசையில் இருப்பவர் ஒரு நாள் புள்ளி வைப்பார், ஒரு நாள் தலைப்பெழுத்து, ஒரு நாள் அப்பா பெயர். பிறந்த தேதியோ இன்னும் மோசம். முதியவர்கள் 'அறுபது இருக்கும்' என்பார்கள். அடையாள அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக எழுதிய தேதிகளெல்லாம் மே, ஜூனில் குவிந்து கிடக்கின்றன.

நிறுவனச் செயலி ஆளைக் கைபேசி எண்ணால் அடையாளம் காண்கிறது. ஒரே போனில் மாமியார், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். மகன் திருப்பூர் போய் எண்ணை மாற்றினால் அடுத்த முறை அம்மா புது நோயாளி. இப்படி ஒருவர் மூன்று பேராவதும், இருவர் ஒருவராவதும் நடக்கும்.

இந்த இரண்டு பிழைகளும் சமமல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே ஆளின் இரண்டு பதிவுகள் சேராமல் இருந்தால் ஒரு பரிசோதனை மறுபடியும் எடுக்கப்படும். பணம் போகும், எரிச்சல் வரும். இரண்டு ஆட்களின் பதிவுகள் தவறாகச் சேர்ந்துவிட்டால், பெனிசிலின் ஒவ்வாத ஒருவரின் எச்சரிக்கை இன்னொருவர் பெயருக்குப் போகும். ஒருவருடைய சிறுநீரகச் செயல்பாட்டு அளவைப் பார்த்து வேறொருவருக்கு மருந்தளவு முடிவாகும். ஆகவே, தானாகச் சேர்த்துத் தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லும் மென்பொருளைக் கண்டால் எனக்குப் பயம்தான் வருகிறது.

மூன்றாவது வழி, அதாவது நாமே பட்டியல் வைத்துப் பெயர், வயது, ஊர் இவற்றை ஒப்பிட்டுச் சேர்ப்பது, படித்தபோது கவர்ச்சியாக இருந்தது. அதற்கான கணக்கை ஃபெலிகி, சன்டர் என்ற இருவர் 1969-லேயே எழுதிவிட்டார்கள். அரிய பெயர் பொருந்தினால் அதிக மதிப்பெண், 'செல்வி' போன்ற பெயர் பொருந்தினால் குறைவு. கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் எழுத்து மாறிய பெயர்களை ஒலியால் ஒப்பிடப் பலரும் இன்னும் எடுப்பது சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்ற, ஆங்கிலப் பெயர்களுக்கான முறை அது. முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், இளங்கோவை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு எழுதியவரும் 'ஈ' போட்டு எழுதியவரும் அதற்கு வேறு வேறு ஆட்கள். ழகரத்தை ஓர் இடத்தில் 'இசட்' என்றும் இன்னோர் இடத்தில் 'எல்' என்றும் எழுதினாலும் அதே கதி. தமிழ்ப் பெயர்களுக்கென்று விதிகள் எழுதலாம்தான். யார் எழுதுவது, எழுதியவர் போன பிறகு யார் பராமரிப்பது? இந்த வழியை நாங்கள் எங்கள் பழைய பட்டியலில் ஒரு பகுதியை வைத்துச் சோதித்துப் பார்த்ததோடு சரி. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தினால் எப்படி இருக்கும் என்பதில் என் சொல்லுக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம்.

ஆபாவுக்கு வருகிறேன். 14 இலக்க எண். ஆதாரை வைத்து எடுத்தவர் மறுபடி எடுக்கப் போனால் புது எண் பிறக்காது, பழையதே வந்து நிற்கும். பெயரை எப்படி எழுதினால் என்ன, கல்யாணத்துக்குப் பின் தலைப்பெழுத்து எப்படி மாறினால் என்ன, எண் மாறாது. பதிவுகள் ஒரு மையக் கிடங்குக்குப் போவதில்லை. உருவான இடத்திலேயே இருக்கும். எந்த வகை அறிக்கை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு காலத்துக்கு என்று நோயாளி ஒப்புதல் கொடுத்த பிறகுதான் இன்னோர் இடத்துக்குப் போகும். எண் எடுப்பது கட்டாயமில்லை. இல்லாதவரைத் திருப்பி அனுப்புவதில்லை.

எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் காரியம் நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. மாநில அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் பதியும்போது கர்ப்பிணிக்குக் கிடைக்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகராது. திருப்பூரில் பதிந்த பெண் தலைப்பிரசவத்துக்கு மாயவரம் வந்தாலும் அதே எண்தான். ஆனால் நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால்; வேறு நிர்வாகம், வேறு பதிவேடு. நாலு முழம் தண்ணீரைக் கடந்ததும் மாநிலப் பதிவேட்டின் கண் மறைந்துவிடுகிறது. ஆபாவுக்கு அந்த எல்லை இல்லை. சொல்லப்போனால் 2020-ல் இந்தத் திட்டத்தின் முன்னோட்டம் நடந்த ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. காரைக்கால் நமக்கு முன்னால் தொடங்கிவிட்டது.

இனி அதன் தொல்லைகள். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி போகும். அந்தக் கைபேசி சிங்கப்பூரில் மகன் சட்டைப்பையில் இருக்கும். "மகனைக் கூப்பிட்டு எண்ணைக் கேளுங்கள் அம்மா" என்றால், யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்று ஊரே அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறது. அவர் தயங்குவது சரிதான். கைரேகை வைக்கலாம் என்றால் நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரல்கள் கருவியில் பதிவதில்லை. ஆகவே ஆபா இல்லாத நோயாளிகள் எங்களிடம் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு எங்கள் சொந்த எண், பின்னால் ஆபா கிடைத்ததும் இணைப்பு.

பராமரிப்பு என்று நான் சொல்வது இந்த இணைப்பு வேலையைத்தான். ஒரே ஆளாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் பதிவுகளின் பட்டியலை மென்பொருள் தரும். நோயாளி எதிரே இருந்தால் ஒழியச் சேர்ப்பதில்லை. பதிவு மேசை பரிந்துரைக்கும், செவிலியர் கண்காணிப்பாளர் கேட்டு உறுதி செய்வார். பழைய பதிவை அழிக்க மாட்டோம். தகவல் பரிமாற்றத்துக்கு இந்தத் திட்டம் பயன்படுத்தும் ஃபையர் தரத்தில், 'இந்தப் பதிவுக்குப் பதிலாக அந்தப் பதிவு' என்று குறித்துவைக்க இடம் இருக்கிறது. பெயரைத் துண்டு போடாமல் முழுதாக ஒரே வரியில் வைக்கவும் அது அனுமதிக்கிறது. குடும்பப் பெயர் கட்டாயம் என்பது மென்பொருள் எழுதியவரின் பிடிவாதமே தவிர, தரத்தின் விதி இல்லை. இந்த வேலைக்கு மாதந்தோறும் ஒருவருடைய நேரத்தை ஒதுக்கியாக வேண்டும். வாங்கும்போது இந்தச் செலவை யாரும் சொல்வதில்லை.

வெளியிலிருந்து பதிவுகளை வரவழைப்பதில் எங்கள் அனுபவம் குறைவு. வந்தவற்றில் பெரும்பாலும் பிடிஎஃப். மருத்துவர் கண்ணால் படித்துக்கொள்ளலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுவதை வரைபடமாகப் போட்டுக் காட்ட முடியாது. முடிவுகளைக் கணினி புரிந்துகொள்ளப் பரிசோதனைகளுக்கு லோயிங்க், நோய்களுக்கு ஸ்னோமெட் என்று குறியீடுகள் இருக்கின்றன, இரண்டையும் இந்தியாவில் இலவசமாகவே பயன்படுத்தலாம். எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி எடுக்கும் பரிசோதனைகளுக்கு மட்டும் குறியீடு போட்டிருக்கிறோம். மயக்கத்தில் கொண்டுவரப்படும் ஒருவர் ஒப்புதல் எப்படிக் கொடுப்பார் என்ற கேள்விக்கு மேசையில் இன்னும் நல்ல பதில் இல்லை. இப்போதைக்கு மஞ்சள் பையையே தேடுகிறோம்.

நகரத்தில் ஒரே குழுமத்தின் கிளைகளுக்குள் மட்டும் சுற்றும் நோயாளிகள் என்றால் நிறுவனச் செயலியையே வாங்கலாம், தவறில்லை. எங்களைப் போன்ற ஊரில் இருப்பவர்கள் விற்க வருபவரிடம் மூன்று காரியங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் ஒருவரைப் பதியச் சொல்லுங்கள். ஒரே கைபேசி எண்ணில் இரண்டு செல்விகளைப் பதியச் சொல்லுங்கள். பிறகு இருவரையும் ஒருவராகச் சேர்த்து, சேர்த்ததைத் திரும்பப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் வந்தவர்களில் கடைசியாகச் சொன்னதைச் செய்து காட்டியவர் ஒருவர்தான். எல்லாருடைய திரையிலும் அவருடையதுதான் பார்க்கச் சகிக்காதது. அவரிடமே வாங்கினோம்.