போ-காப் நடைச் சுற்றுலா: வண்ணச் சுவர்கள் உண்டு, இமாம்கள் இல்லை

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வேல் தெருவின் கீழ்முனையில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித ஜார்ஜ் பேராலயம் நிற்கிறது. அதே தெரு மேடேறி, வண்ண வீடுகளுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் குடியிருப்பான போ-காப் பகுதிக்குள் செல்லும் இடத்தில், 71ஆம் எண் வீட்டில், போ-காப் அருங்காட்சியகம் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நகரத்தில் சிறுபான்மை முஸ்லிம்கள் எப்படி நிலைபெற்றார்கள் என்பதை அறிய இதைவிடப் பொருத்தமான தெரு இராது என்ற எண்ணத்தில், வழிகாட்டியுடன் கூடிய இரண்டு மணி நேர நடைச் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தேன். நடத்திய நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன், ஏனெனில் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

குறித்த நேரத்துக்குத் தொடங்கினார்கள், குழுவும் சிறியது. வழிகாட்டி இனிமையாகப் பேசினார். ஆனால் வீடுகளின் வண்ணங்களைப் பற்றியே ஏறத்தாழ அரை மணி நேரம் போயிற்று. படம் எடுப்பதற்கு மூன்று இடங்களில் நிறுத்தினார்கள். அதற்கிடையில், "இங்கே எல்லா மதத்தாரும் எப்போதும் ஒற்றுமையாகவே வாழ்ந்தார்கள்" என்று வழிகாட்டி நான்கு முறையாவது சொல்லியிருப்பார். அந்த "எப்போதும்" என்ற சொல்தான் இந்தச் சுற்றுலாவின் பெருங்குறை.

டார்ப் தெருவில் உள்ள அவ்வல் பள்ளிவாசலுக்குள் நுழைந்தவுடனேயே அந்தச் சொல் பொய்த்துவிடுகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இஸ்லாத்தைப் பொதுவெளியில் கடைப்பிடிக்கத் தடை இருந்தது. இன்றைய இந்தோனேசியாவின் திதோர் தீவிலிருந்து நாடு கடத்தப்பட்டு 1780இல் இங்கு கொண்டுவரப்பட்ட மார்க்க அறிஞர் துவான் குரு, ராபன் தீவில் கைதியாக இருந்தபோது திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார் என்பது இந்த நகர முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. விடுதலையான பின் அவரே இந்தப் பள்ளிவாசலின் முதல் இமாம் ஆனார். பள்ளிவாசல் 1794இல் தோன்றியது; மதச் சுதந்திரத்தை அரசு ஏற்று ஆணை பிறப்பித்ததோ 1804இல். அனுமதி வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே தொழுகை தொடங்கிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்துச் சொல்ல வழிகாட்டிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

பள்ளிவாசல் எழுந்த நிலம் கோரிடோன் ஃபான் செய்லோன் என்ற, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒருவருடையது. பெயரின் பின்பாதியைக் கேட்ட எந்தத் தமிழருக்கும் காது கூர்மையாகும்: இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவர் என்பதுதான் அதன் பொருள். அந்தச் சொத்து பின்னர் சார்ஜே என்ற பெண்ணின் கைக்கு வந்தது. இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் வழிகாட்டி அல்லர், பள்ளிவாசலில் இருந்த பெரியவர் ஒருவர். முன்புறக் கண்ணாடிப் பேழைக்குள் விரித்து வைக்கப்பட்டிருக்கும், துவான் குரு எழுதிய குர்ஆன் கையெழுத்துப் பிரதியருகே என்னை அழைத்துச் சென்று, ஓரம் அரிக்கப்பட்ட தாள்களைக் காட்டினார். 1980களில் கட்டடத்தைப் பழுதுபார்த்தபோது பரணில் ஒரு காகிதப் பைக்குள் அது கிடைத்த கதையையும் சொன்னார். குழு வெளியே செருப்பு மாட்டத் தொடங்கிவிட்டதால் நான் ஓடவேண்டியதாயிற்று. பள்ளிவாசலுக்கு ஒதுக்கியிருந்த நேரம் பதினைந்தே நிமிடங்கள்.

இருபதாம் நூற்றாண்டைப் பற்றிய மௌனம் இன்னும் மோசமானது. கிளேர்மான்ட் பகுதியில் ஸ்டெக்மன் சாலைப் பள்ளிவாசலின் இமாமாக இருந்து நிறவெறியை எதிர்த்த அப்துல்லா ஹாரூன் 1969 மே 28 அன்று கைது செய்யப்பட்டு, நான்கு மாதங்கள் காவலில் வைக்கப்பட்டு, செப்டம்பர் 27 அன்று உயிரிழந்தார். படிக்கட்டில் விழுந்தார் என்று நிறவெறி அரசின் காவல் துறை சொன்னதை, 2023இல் வந்த மறுவிசாரணைத் தீர்ப்புதான் தள்ளியது. அவர் இறந்த சில நாள்களில் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. 1971இல் பெர்னார்ட் ரேங்க்மோர் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், அந்த மரணத்துக்கு விசாரணை வேண்டுமென்று கோரி, சிக்னல் மலைமேல் உள்ள முஸ்லிம் இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தில் 67 நாள்கள் உண்ணாநோன்பு இருந்தார். ஓர் இமாமுக்காக ஒரு பாதிரியார், அதுவும் முஸ்லிம்களின் புனிதத் தலத்தில் பட்டினி கிடந்த செய்தியைச் சொல்லாமல் மத நல்லிணக்கத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசத் தனித் திறமை வேண்டும்.

நடை முடிந்ததோ, முரண்பாடாக, பேராலயத்தின் படிகளில்தான். 1989 செப்டம்பர் 13 அன்று பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, முஸ்லிம் நீதிப் பேரவையின் ஷேக் நசீம் முஹம்மது, அருட்பணியாளர் ஆலன் பூசாக் ஆகியோர் முன்னின்று நடத்திய, நிறவெறி ஆட்சிக்கு எதிரான அமைதிப் பேரணி புறப்பட்ட இடம் அது. அதைப் பற்றி நான் கேட்டபோது, தமக்குத் தெரியும் என்றும், பயணிகளில் பெரும்பாலோர் அரசியலை விரும்புவதில்லை என்றும் வழிகாட்டி ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். கொடுத்த கட்டணத்துக்கு ஈடு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பரிந்துரை கேட்பவர்களுக்கு என் விடை இது: வண்ண வீடுகளை நீங்களே நடந்து பார்த்துவிடலாம், அதற்கு வழிகாட்டி வேண்டாம். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரங்களைத் தவிர்த்து, உடலை மறைக்கும் ஆடையுடன், ஒரு மணி நேரமாவது ஒதுக்கிச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டவே வேண்டாம். வழிகாட்டியை அமர்த்துவதானால், இமாம் ஹாரூனைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரேங்க்மோர் நோன்பிருந்த இடத்துக்கு மறுநாள் வாடகை வண்டியில் தனியாகச் சென்றேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சற்று நேரம் அமர்ந்திருந்தேன். வெளியே வந்தபோது, மலைச்சரிவுக்கு அப்பால் கடலில் துவான் குரு சிறையிருந்த ராபன் தீவு தட்டையாகத் தெரிந்தது.