40,000 ரூபாய்க்குள் பத்மினி எஞ்சினுக்கு இழுவை ஏற்றிய கணபதி லேத் பட்டறை

போன மே மாதம் குடும்பத்தோடு கோத்தகிரி போனபோது, குஞ்சப்பனை தாண்டின முதல் ஏற்றத்திலேயே வண்டி மூன்றாம் கியரில் நிற்க மாட்டேன் என்றது. இரண்டுக்கு இறக்கினேன். ஐந்து பேர், இரண்டு பெட்டி, அவ்வளவுதான் சுமை. அடுத்த வளைவில் பின்னால் வந்த அரசுப் பேருந்து ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 1986-ல் புதிதாக எடுத்து, அதே ரோட்டில் மூன்றாம் கியரிலேயே பாதி மலை ஏற்றினவர் அவர்.

வண்டி பிரீமியர் பத்மினி. எங்கள் தெருவில் இன்றும் அதை ஃபியட் என்றுதான் சொல்வார்கள். 1089 சிசி, காகிதத்தில் 40 குதிரைத்திறன், 71 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை, நாம் இழுவை என்பது), எடை 900 கிலோவை ஒட்டி. இத்தாலியில் 1953-ல் வந்த ஃபியட் 1100 வடிவமைப்பிலிருந்து வந்த வண்டி இது, பம்பாய் குர்லாவில் செய்தார்கள். எனக்கு வேகம் வேண்டாம். நான்காம் கியரில் 40 கிலோமீட்டரில் போகும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் உதறாமல் இழுக்க வேண்டும், மலையில் கியரைக் கையில் பிடித்துக்கொண்டே ஓட்டக் கூடாது, அதுவும் 40,000 ரூபாய்க்குள். இவ்வளவுதான் நான் கேட்டது.

கேட்ட இடத்திலெல்லாம் வேறு எஞ்சினை ஏற்றச் சொன்னார்கள். மாருதி எஞ்சின் நன்றாகவே ஓடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மவுண்டிங், கியர்பாக்ஸ், ஆர்.சி. புக்கில் எஞ்சின் மாற்றத்தை ஏற்றுவது என்று செலவு எங்கேயோ போய்விடும், அதற்கு மேல் அது அப்பாவின் வண்டியாகவும் இருக்காது. இன்னொருவர் இரட்டைக் கார்புரேட்டர் போடலாம் என்றார். மேல் வேகத்துக்கு அது சரி, எனக்குத் தேவைப்படுவதோ கீழ் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது. அங்கே பெரிய கார்புரேட்டர் போட்டால் காற்றின் ஓட்டம் மந்தமாகி இருக்கிற இழுவையும் போய்விடும்.

கடைசியில் எஞ்சினை இறக்கிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் கைகாட்டின இடம்தான் கோவை கணபதியில் சந்துக்குள் இருக்கும் இந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது, ஷட்டரில் போரிங், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

"அளக்காம காசு சொல்லக் கூடாதுங்க தம்பி. வெச்சுட்டுப் போங்க, நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றார்.

இதற்கு முன்னால் போன இரண்டு இடங்களிலும் பிளாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விலை சொன்னார்கள். மறுநாள் போனபோது பெரியவர் ஒரு பழைய டைரித் தாளை நீட்டினார். நான்கு சிலிண்டருக்கும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் போர் கேஜ் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) வைத்து எடுத்த அளவுகள், குறுக்கே ஒரு முறை நீளவாக்கில் ஒரு முறை, ஆக மொத்தம் 24 எண்கள். மூன்றாவது சிலிண்டர் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் பார்த்தபோது மற்ற மூன்றும் 105, 110 பிஎஸ்ஐ பக்கத்தில் இருக்க, அந்த ஒன்று மட்டும் 80 காட்டியது எதனால் என்று அந்தத் தாளைப் பார்த்ததும் புரிந்தது.

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். ஒரு மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் டார்க் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் (சிலிண்டரின் விட்டம்) 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75. போரை 69 ஆக்கினால் 1089 சிசி 1122 ஆகிறது. 33 சிசிதான் கூடுகிறது, மூன்று சதவீதம். தேய்ந்த சிலிண்டரை நேராக்க போர் அடித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் இழுவை அங்கிருந்து வராது. இந்த எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 7.3 மட்டுமே, அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அதுதான் தாங்கும். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் (அழுத்தத்தைத் தாங்கும் தரம்) அதைவிட எவ்வளவோ மேல். அதாவது எஞ்சின் ஏற்கக்கூடிய அழுத்தத்தை நாம் கொடுக்காமலே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். காசு குறைவாக வைத்துக்கொண்டு டார்க் தேடுகிறவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் சிலிண்டர்களுக்கு மூடியாக இருக்கும் ஹெட்.

ஹெட்டை அவர் அளந்த விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அலுமினிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளைப் பொருத்தி, பிளக்கை முடுக்கி, கலவை எரியும் அறையின் விளிம்பைச் சுற்றி மெல்லிசாக கிரீஸ் தடவி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் துண்டை மேலே அழுத்தினார். அப்புறம் மருந்துக் கடையில் விற்கும் 50 மில்லி சிரிஞ்சில் மண்ணெண்ணெயும் துளி எண்ணெயும் கலந்து அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். கடைசிக் காற்றுக் குமிழ் கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து வந்து ஓட்டையில் வெடித்ததும் நிறுத்தி, சிரிஞ்சில் மிச்சத்தைப் பார்த்து, உள்ளே இறங்கினது எத்தனை சிசி என்று சொன்னார். 37, 38.5, 36.5, 37. ஒரே ஹெட்டில் இரண்டு சிசி வித்தியாசம்! ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு அழுத்தத்தில் வேலை செய்தால் ஐடிலில் வண்டி ஏன் நடுங்காது?

ஹெட்டின் அடிப்பரப்பை 1.2 மில்லி சீவி (ஃபேஸிங்), அறைகளை கிரைண்டரால் லேசாகத் தொட்டு நான்கையும் 33.5 பக்கம் கொண்டுவந்தார். கேஸ்கட் கனத்தையும், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடைவெளியையும் சேர்த்தால் விகிதம் 8.1. ஒன்பதுக்குக் கொண்டுபோகலாமே என்று ஆசையில் கேட்டேன். ஹெட் மெலிந்துவிடும், ஒருமுறை சூடேறினால் வளைந்துவிடும், அதற்கு அப்புறம் அரைக்க இடம் இருக்காது என்று மறுத்துவிட்டார். கூடுதல் வேலைக்குக் கூலி வரும் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொன்ன ஆள் அவர்.

டைமிங் செயினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய செயின் நீண்டு போயிருந்தது. செயின் நீண்டால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் பின்தங்கும், இன்டேக் வால்வு தாமதமாக மூடும், மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த கலவை கொஞ்சம் திரும்பி வெளியே போய்விடும். கீழ் ஆர்பிஎம் இழுவை நமக்குத் தெரியாமலே கசிகிற இடம் அது. புதுச் செயின் சில நூறு ரூபாய்தான். டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் கேமில் வால்வைத் தள்ளும் மேடுகளில் (லோப்) ஒன்று அரை மில்லி தேய்ந்திருந்தது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய ஒரிஜினல் கேம் வரவழைத்தேன். ரேஸ் கேம் எதுவும் போடவில்லை, போடவும் கூடாது. கம்பெனி கேமே கீழ் இழுவைக்காகச் செய்தது.

கனெக்டிங் ராடுகளைத் தராசில் வைத்தபோது கனமானதற்கும் லேசானதற்கும் 11 கிராம் வித்தியாசம். உட்கார்ந்து அரைத்து ஒரு கிராமுக்குள் கொண்டுவந்தார்கள். மேனிஃபோல்டு ஓட்டையும் ஹெட் ஓட்டையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இரண்டு மில்லி படி இருந்தது, அதையும் அராவிச் சரிசெய்தார்கள். ஃப்ளைவீலை மட்டும் யாரும் தொடவில்லை. எடை குறைத்தால் பிக்கப் வரும் என்பார்கள், ஆனால் ஏற்றத்தில் கிளட்சை விடும்போது வண்டி அணையாமல் கிளம்புவதற்கு அந்தக் கனம்தான் உதவும்.

இப்போது குறைகள். பத்து நாள் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. அதில் ஒரு வாரம் நியாயம், ஏனென்றால் நான் வேறொரு கடையில் வாங்கிக் கொடுத்த மெயின் பேரிங் செட் தப்பான சைஸ். பெட்டியில் ஒரு அளவு, உள்ளே வேறு அளவு. மாற்றித் தரவும் அந்தக் கடை இழுத்தடித்தது. ஆனால் மிச்ச இரண்டரை வாரம் லேத் பட்டறையின் தாமதமேதான். லாரி பிளாக் ஒன்று வந்தால் நம்முடையது ஓரமாகப் போய்விடும். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், நேரில் போய் நிற்க வேண்டும். பில்லும் தரவில்லை, டைரித் தாளில்தான் கணக்கு. பிளாக்கைக் கழுவிக் கொடுத்ததிலும் எனக்குத் திருப்தி இல்லை. ஆயில் போகும் துளைகளுக்குள் பிரஷ் விட்டுப் பார்த்தால், சிலிண்டர் சுவரைத் தேய்த்து மெருகேற்றின ஹோனிங் துகள் வந்தது. வீட்டில் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்துக் கறை வராத வரை விடவில்லை. நீங்களும் இதைச் செய்யாமல் எஞ்சினைக் கட்டாதீர்கள், புதுப் பேரிங்கை ஒரே வாரத்தில் அது தின்றுவிடும்.

கட்டி முடித்த பிறகு வந்த பிரச்சினை பெட்ரோலிலிருந்து. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் ஹோஸும் ஊறிப்போகின்றன, கலவையும் மெலிந்துவிடுகிறது. டயாஃப்ரம், ஹோஸ் எல்லாம் புதிது போட்டு, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினதும் இடையில் வந்துகொண்டிருந்த தயக்கம் நின்றது. ரேடியேட்டருக்கு ராடிங் (குழாய்களில் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது) செய்தேன். கம்ப்ரஷன் ஏற்றின வண்டியில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மொத்தச் செலவு: லேத் கூலி 11,800, சாமான் 17,400, ரேடியேட்டர், கார்புரேட்டர், பம்ப் 4,300, இறக்கி ஏற்றின கூலி 6,000. ஆக 39,500 ரூபாய்.

1,000 கிலோமீட்டர் பதமாக ஓட்டி, ஆயில் மாற்றி, எஞ்சின் ஆறினதும் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வரிசையாக முடுக்கிவிட்டு, போன மாதம் மறுபடி கோத்தகிரி போனோம். அதே ஐந்து பேர். கம்ப்ரஷன் இப்போது நான்கிலும் 150-ஐ ஒட்டி. குஞ்சப்பனை ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. ஒரு கூர்மையான வளைவில் வேகம் 25-க்கு இறங்கியும் கியரை மாற்றாமல் மிதித்துப் பார்த்தேன். ஒரு நொடி யோசித்து, இழுத்துக்கொண்டு போனது. நாக்கிங் சத்தம் (கலவை நேரம் தப்பி வெடிக்கும் தட்டல்) ஒரே இடத்தில் லேசாகக் கேட்டது, ஓரமாக நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்தினதும் போய்விட்டது. பாதி வழியில் அப்பா சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர்தான் ஓட்டினார், ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கியர் கம்பியை அவர் தொட்டது மொத்தம் நான்கைந்து தடவை இருக்கும்.

இந்தப் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு: கம்ப்ரஷன் அளவை எழுதிக் கையில் கொண்டுபோங்கள். பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுங்கள், அதை அளந்த பிறகுதான் அவர் போர் அடிப்பார். அவசரமாக வண்டி வேண்டும் என்பவர்கள் போகவே வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் பெரியவர் தனியாக இருப்பார், டீ வரும் வரை நிதானமாகப் பேசலாம்.