ஃபுகாஸியை எங்கிருந்து கேட்பது?

புதுச்சேரியில் போஸ்ட் ஹார்ட்கோர் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசைவகை) பக்கம் புதிதாக வருகிறவர்கள் வாஷிங்டன் டி.சி.யின் ஃபுகாஸி இசைக்குழுவில் தொடங்கலாம். முதலில் ‘ரிப்பீட்டர்’ (1990) ஆல்பம். இரண்டு கிதார்களும் ஒன்றையொன்று இரட்டிப்பதில்லை; ஒன்று கேட்க, மற்றது பதில் சொல்கிறது. பாட்டை நடத்துவதோ ஜோ லாலியின் பேஸ் கிதார். கடற்கரைச் சாலைக் காற்றில் போன் ஸ்பீக்கரை நம்பினால் அது காணாமல் போகும், ஹெட்போன் அவசியம். 1991 ஆல்பமான ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’கைத் தாங்களே தயாரித்தார்கள். ஒலி வறண்டுவிட்டது, பிறகு கேட்கலாம்.

திருப்பம் ‘ரெட் மெடிசின்’ (1995). டப் (ரெக்கேயிலிருந்து வந்த, எதிரொலி நிறைந்த இசை) சாயல், கிளாரினெட், வேண்டுமென்றே விட்ட இரைச்சல் எல்லாம் உண்டு. முதல்முறை குழப்பும், மூன்று முறையாவது கேளுங்கள். ‘தி ஆர்கியுமென்ட்’ (2001) செல்லோவையும் கூடுதல் டிரம்மரையும் சேர்த்தும் இறுக்கம் தளராத உச்சம்.

வைனிலாக (இசைத்தட்டாக) வாங்கினால் நிமிர்த்தி வையுங்கள், கூடவே சிலிகா ஜெல். நம்மூர் ஈரக்காற்றில் அட்டை பூஞ்சை பிடிக்கும்.