ஓரத்தில் அச்சிட்ட எண்ணா, கொழுக்கட்டையின் பழைய எண்ணா?

சென்ற அக்டோபரில் எங்கள் வளர்ப்புப் பன்றி கொழுக்கட்டைக்கு வந்த ரத்த அறிக்கையில் புதிதாக ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்த பெண் "எல்லாம் இயல்பாக இருக்கிறது" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சமையலறை இழுப்பறையிலிருந்து பழைய அறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின், முந்தைய நான்கு ஆண்டுகளில் 1.1, 1.2, 1.2, 1.1. இந்த முறை 1.9. பன்றிக்கான இயல்பு அளவு என்று ஓரத்தில் அச்சாகியிருந்தது 1.0 முதல் 2.7 வரை. அந்த ஓரத்தை நம்பினால் கவலையே இல்லை. பழைய தாள்களை நம்பினால், சில மாதங்களாக மூட்டு வலிக்கு நாங்கள் கொடுத்துவந்த மெலாக்சிகாம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கத் தொடங்கிவிட்டது.

கொழுக்கட்டை ஒன்பது வயதுப் பானைவயிற்றுப் பன்றி. காயடித்த ஆண், எடை 64 கிலோ. ஒஹாயோவில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையும் வரவேற்பறைக் கம்பளமும் அவனுடையவை. வளர்ப்புப் பன்றியின் ரத்த அறிக்கையைப் படிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆய்வகம் அச்சிட்டுத் தரும் பொது அளவோடு ஒப்பிடலாம், அல்லது அதே பன்றி நலமாக இருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடலாம். நான் இரண்டாவதன் கட்சி. அதை மறைக்கப் போவதில்லை.

முதல் வழியின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னேற்பாடு வேண்டாம், புதிதாகத் தத்தெடுத்த பன்றிக்கும் பொருந்தும், மருத்துவர் நொடியில் படித்துவிடுவார். உயிருக்கு ஆபத்தான நிலைகளில் அதுவே போதும். குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டி உறைந்துபோய், பன்றி ஒன்றிரண்டு நாள் குடிக்காமல் கிடந்து, பிறகு தள்ளாடித் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். ரத்தத்தில் சோடியம் 160-ஐத் தாண்டியிருந்தால் அது உப்பு நச்சு. அங்கே யாரும் பழைய அறிக்கையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சிக்கல் நாள்பட்ட, மெல்ல வளரும் நோய்களில்தான். ஓரத்தில் இருக்கும் எண்கள் யாருடையவை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பண்ணைப் பன்றிகளுடையவை. அவை ஆறு மாதத்தில் 120 கிலோவைத் தொட்டு இறைச்சிக்குப் போய்விடும் வளரும் குட்டிகள். கொழுக்கட்டையோ அவற்றின் ஆயுளைப்போலப் பதினெட்டு மடங்கு வாழ்ந்தவன். வளரும் எலும்பிலிருந்து வரும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி குட்டிகளிடம் மிகுதி, கிழவனிடம் குறைவு. அதனால் அவன் தாளில் அது ஆண்டுதோறும் "குறைவு" என்றே வருகிறது. பல ஆண்டுகளாகக் கிருமிகளைச் சந்தித்த உடம்பில் குளோபுலின் கூடுதலாக இருப்பதும் இயற்கை. இரண்டுக்கும் கொடி கட்டி அனுப்புகிறது இயந்திரம்.

இன்னொரு கணக்கும் உண்டு. பொது அளவு என்பது நலமான விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அடங்கும்படி வரைந்த வேலி. இருபது சோதனைகள் செய்தால், நோயே இல்லாத விலங்குக்கும் ஏதாவது ஒன்று வேலிக்கு வெளியே விழும் வாய்ப்பு அறுபது சதவீதத்துக்கு மேல். அப்படியொரு வேலி வரையக் குறைந்தது 120 நலமான விலங்குகள் இருப்பது நல்லது என்பது ஆய்வக விதி. வயதான வளர்ப்புப் பன்றிகளில் 120-ஐ எங்கே போய்த் திரட்டுவது?

எங்கள் முதல் அறிக்கை இதைவிட வேடிக்கை. அப்போது கொழுக்கட்டைக்கு நான்கு வயது. போன இடத்தில் இருந்த இயந்திரத்தில் பன்றி என்ற விலங்கே இல்லை போலிருக்கிறது, நாயின் அளவை அச்சிட்டுத் தந்துவிட்டார்கள். பன்றிக்குப் பொட்டாசியம் இயல்பிலேயே நாயைவிட, நம்மைவிட ஏறத்தாழ ஒரு புள்ளி உயரமாக ஓடும். கிரியாட்டினினும் அப்படியே. மனிதருக்கு 0.6 முதல் 1.2 வரை என்று நம் வீட்டுத் தாள்களில் பார்த்துப் பழகியவர்கள் பன்றியின் தாளைப் பார்த்தால் பதறிப்போவார்கள். நான் பதறினேன். பொட்டாசியம் 7.4, வெள்ளை அணுக்கள் 23,000, சர்க்கரை 168, தசை நொதியான கிரியாட்டின் கைனேஸ் பல ஆயிரம். பாதிப் பக்கம் சிவப்பு.

அந்தச் சிவப்பில் நாயின் அளவுக்கு இருந்த பங்கைவிட, ரத்தம் எடுத்த விதத்துக்கு இருந்த பங்கு அதிகம் என்பது பிறகுதான் புரிந்தது. சொந்த அளவோடு ஒப்பிடும் வழி நிலைப்பதும் கவிழ்வதும் இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பன்றிக்கு ரத்தக்குழாய் தேடுவது பெரும்பாடு. காதோரத்தில் சில தெரியும், மற்றவை கொழுப்புக்கு அடியில். போதுமான ரத்தம் வேண்டுமென்றால், கழுத்தும் மார்பும் சேரும் குழியில் நீண்ட ஊசியைக் கண்ணுக்குத் தெரியாத பெருஞ்சிரைக்குள் செலுத்த வேண்டும். வலப்பக்கம் குத்துவதே வழக்கம், ஏனென்றால் இடப்பக்கத்தில் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பில் ஊசி பட்டுவிடும் வாய்ப்பு அதிகம். இதை விழித்திருக்கும் பன்றியிடம் செய்ய இரண்டு மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அது போடும் கூச்சல் நூறு டெசிபெலைத் தாண்டும்.

அந்தப் போராட்டம் முழுவதும் குழாயில் ஏறிவிடுகிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் சர்க்கரையை ஏற்றும், வெள்ளை அணுக்களைப் புழக்கத்துக்குள் தள்ளும், மண்ணீரலைச் சுருக்கிச் சேமிப்பிலிருந்த சிவப்பணுக்களைக் கொட்டவைக்கும். திமிறிய தசையிலிருந்து நொதிகள் கசியும். ஊசிக்குள் இழுபட்டு அணுக்கள் உடைந்தால், ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீரான சீரம் இளஞ்சிவப்பாகும். பன்றியின் சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைந்திருப்பதால், உடைந்த அளவுக்கு அது வெளியே வந்து எண்ணைப் பொய்யாக உயர்த்தும். எங்கள் முதல் தாளின் அடியில் "சீரம் இளஞ்சிவப்பு" என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. எங்களுக்கு அதை யாரும் படித்துக்காட்டவில்லை.

அடுத்த ஆண்டு மருத்துவமனையை மாற்றினோம். குளம்பும் தந்தமும் வெட்ட எப்படியும் ஆண்டுக்கொரு முறை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேளையிலேயே ரத்தமும் எடுத்துவிடலாம் என்றார் புதிய மருத்துவர். காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில் மிடசோலம் கலந்த ஊசி, பிறகு முகமூடியில் ஐசோஃப்ளுரேன். பொட்டாசியம் 4.9-க்கு இறங்கியது. வெள்ளை அணுக்கள் 13,000. ஒரே பன்றி, வேறு ரத்தம்.

மயக்கத்திலும் எண்கள் நகரும். மண்ணீரல் தளர்ந்து சிவப்பணுக்களை உள்ளே வாங்கிக்கொள்வதால் ரத்தத்தில் அவற்றின் பங்கு குறையும். கொழுக்கட்டைக்கு விழித்திருந்தபோது 38 சதவீதம், மயக்கத்தில் 31 முதல் 33. பொது அளவின் அடிக்கோடு 32 என்பதால் 31 வந்த ஆண்டில் "ரத்தசோகை?" என்று கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பழைய தாள்கள் இல்லாதிருந்தால் இரும்புச்சத்து தேடி அலைந்திருப்போம். சில மயக்க மருந்துகள், குறிப்பாக டெக்ஸ்மெடெடோமிடின், சைலசின் வகையினவை, இன்சுலினை அடக்கிச் சர்க்கரையை ஏற்றிவிடும். ஆகையால் எந்த மருந்து என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆண்டுதோறும் அதே மருந்தா என்பதுதான் முக்கியம்.

சொந்த அளவின் பராமரிப்புச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான். அதே மயக்க மருந்து, அதே ஆய்வகம், அதே பருவம், முதல்நாள் இரவோடு உணவு நிறுத்தம். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் இவற்றைப் பேனாவால் எழுதிவைக்கிறேன். ஆய்வகம் மாறினால் இயந்திரமும் மாறும், நேற்றைய 1.2 இன்று 1.4 ஆகத் தெரியலாம். எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டால் அலகே வேறு, அதே 1.2 அங்கே 106. ஒரு தடவைக்குச் சில நூறு டாலர் ஆகிறது, வயதான பன்றிக்கு மயக்கம் கொடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. ரத்தத்துக்காக மட்டும் மயக்கம் கொடுக்க நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லா எண்ணுக்கும் இந்த உழைப்பு தகாது. கிரியாட்டினின் ஓர் உடம்புக்குள் அதிகம் ஆடாது, உடம்புக்கு உடம்புதான் வேறுபடும். அதற்குப் பழைய தாள் பொன். மாறாக, சர்க்கரையும் வெள்ளை அணுக்களும் மணிக்கு மணி ஆடுபவை. அங்கே நான்கு ஆண்டுத் தாள்கள் பெரிதாக உதவியதில்லை. கல்லீரல் விஷயத்தில் என் அனுபவம் மெலிது. நாய்க்குப் பார்க்கும் ஏஎல்டி நொதி பன்றியிடம் கல்லீரலைக் குறித்து அவ்வளவு தெளிவாகப் பேசாது என்று மருத்துவர் சொன்னதோடு சரி. பெண் பன்றியும் நான் வளர்த்ததில்லை. கருப்பை எடுக்காத கிழப் பெண் பன்றிகளுக்குக் கருப்பைக் கட்டியால் ரத்தம் கசிந்து சோகை வருவதுண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் சிவப்பணு எண்ணிக்கையைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

1.9-க்கு வருகிறேன். பொதுவாகக் கிரியாட்டினின் இரட்டித்தால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் பாதியாகியிருக்கும் என்பது கணக்கு. இங்கே அந்தப் பாதையில் பாதிக்கு மேல் கடந்தாயிற்று. நான்கு தாள்களையும் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். அன்று மாலையே அவர் அழைத்து, விடியற்காலைச் சிறுநீர் வேண்டும் என்றார். நீளக் கம்பில் குழம்புக் கரண்டியைக் கட்டிக்கொண்டு பனியில் நான் நின்ற கோலத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை. இரவெல்லாம் தண்ணீர் குடிக்காத பிறகும் சிறுநீர் நீர்த்தே இருந்தது, நலமான சிறுநீரகம் அதை அடர்த்தியாக்கியிருக்கும். மெலாக்சிகாமை நிறுத்தினோம். கம்பளத்துக்கு அடியில் மெத்தை, தட்டில் தானியத்துக்குப் பதில் கூடுதல் கீரை, வலிக்குக் காபாபென்டின்.

ஆறு வாரம் கழித்து 1.5. 1.2-க்கு அவன் திரும்பவில்லை. இந்த 1.5-ஐயே அவனுடைய புதிய சொந்த அளவாக வைத்துக்கொள்வதா, இன்னும் ஒருமுறை பார்த்த பிறகா என்று மருத்துவரும் நானும் முடிவு செய்யவில்லை. குளம்பு வெட்டும் நாள் அக்டோபரில் வருகிறது.