மருந்தடிக்கும் ட்ரோன்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

10 லிட்டர் டேங்க் ட்ரோனை வாங்குபவர் தலையில் விழுவது விலை மட்டுமல்ல. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை எடையுள்ளது 2021 ட்ரோன் விதிகளில் 'சிறிய' வகை. அதற்குத் தனி அடையாள எண், மூன்றாம் நபர் காப்பீடு, ஓட்டுபவருக்குப் பைலட் சான்றிதழ் எல்லாம் வேண்டும். ஐந்து ஏக்கர்காரர் வருஷத்தில் எத்தனை நாள் பறக்கவிடப் போகிறார்? முழு சார்ஜோடு அலமாரியில் கிடந்தால் பேட்டரி உப்பிவிடும்.

வாடகை என்றால் அந்தக் காகிதங்கள் ட்ரோன்காரர் பாடு. சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு வயலில் இறக்குங்கள். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்து, இங்கே 10 லிட்டரில் போகிறது; ஒவ்வொரு துளியும் 20 மடங்கு காரம். காற்றடித்து அது பக்கத்து மல்பெரித் தோட்டத்தில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு தட்டிலேயே சாகும். "நீங்க கொடுத்த மருந்து" என்பார் ட்ரோன்காரர், "நீங்க ஓட்டின ட்ரோன்" என்பீர்கள் நீங்கள். சொந்த ட்ரோனில் இந்த வாக்குவாதமே கிடையாது, முழுப் பழியும் உங்களுக்குத்தான்.

வயல் எல்லை வரைபடமும் தெளித்த பதிவும் வாடகையில் ட்ரோன்காரரின் செயலிக் கணக்கில் தங்கிவிடும். யாருக்கு என்ன மருந்து விற்கலாம் என்று பார்க்கும் மருந்துக் கடைக்கு அந்தத் தகவல் நல்ல சரக்கு.

என் கணக்கில் தனி ஆளுக்கு வாடகையே சரி. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் வாங்கலாம். வாடகைக்கு முன் ஒரு தாளில் சர்வே எண், மருந்துப் பெயர், அளவு, நேரம், காற்றின் திசை, பதிவின் நகல் யாருக்கு என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.